டிஎஃப் 11 ஜிபி காலி என்கிறது, ஆனால் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" வருகிறது

கேள்வி:
உபுண்டு சர்வர். ரூட் பார்ட்டிஷன் 40 ஜிபி, ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். புது ஃபைல் எதையும் உருவாக்க முடியவில்லை. டச் போட்டால்கூட மேலே சொன்ன பிழைதான். ஆனால் பழைய லாக் ஃபைல்களில் வரிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. டிஸ்கில் காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் -எச் கொடுத்தால் அவெய்ல் பத்தியில் 11 ஜிபி. ரீபூட் செய்தும் மாற்றமில்லை. எங்கே தேடுவது?

பதில் 1:
அழித்த ஃபைலை ஏதாவது ப்ராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். எல்சாஃப் +எல்1 கொடுத்துப் பாருங்கள். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும்.

பதில் 2:
அது இங்கே பொருந்தாது. அப்படி இருந்தால் டிஎஃப் நிறைந்துவிட்டதாகக் காட்டும், ஃபைல்களின் அளவை டியு கட்டளையால் கூட்டினால் குறைவாக வரும். ரீபூட்டிலேயே சரியாகியும் இருக்கும். ரூட்டுக்கு ஒதுக்கும் 5% இடமும் காரணமில்லை. அதைக் கழித்த பிறகுதான் அவெய்ல் வருகிறது.

பழைய ஃபைல் வளர்கிறது, புது ஃபைல் பிறக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஐநோட், அதாவது ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் வைக்கும் பதிவு. ஒரு ஃபைலுக்கு ஒன்று வேண்டும், தீர்ந்தால் இடம் இருந்தும் புது ஃபைல் பிறக்காது. டிஎஃப் -ஐ கொடுங்கள். 100% என்றால், டியு --ஐநோட்ஸ் -எக்ஸ் / கொடுத்து, வருவதை சார்ட் -என் வழியாக அனுப்புங்கள். ஃபைல்கள் குவிந்த டைரக்டரி கடைசி வரிகளில் நிற்கும்.

கேட்டவர்:
ஐநோட் 100% தான். பிஎச்பி செஷன் டைரக்டரியில் (தளத்துக்கு வருபவர்களின் தற்காலிகத் தகவல் சேரும் இடம்) மட்டும் 21 லட்சம் ஃபைல்கள். ஆர்எம் * கொடுத்தால் "ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்" என்கிறது.

பதில் 2:
நட்சத்திரக் குறியை ஷெல் 21 லட்சம் பெயர்களாக விரிக்கிறது. கெர்னல் ஒரு கட்டளைக்கு அத்தனை நீளத்தை ஏற்காது. வரம்பு வழக்கமாக 2 எம்பி. அந்த டைரக்டரிக்குள் போய் இதைக் கொடுங்கள்:

ஃபைண்ட் . -டைப் எஃப் -நேம் 'செஸ்_*' -எம்மின் +1440 -டெலீட்

ஒரு நாளுக்கு மேல் தொடப்படாத செஷன்கள் மட்டும் போகும். -டெலீட் கட்டாயம் கடைசியில் வர வேண்டும். முன்னால் போட்டால் நிபந்தனைகளைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும். அதனால் முதலில் -டெலீட் இல்லாமல் ஓட்டி, வரும் பட்டியலின் முதல் 20 வரிகளைச் சரிபாருங்கள். இதைத் தவிர்க்க வேண்டாம்.

பதில் 3:
அழித்தால் மட்டும் போதாது, மறுபடி குவியும். டெபியன், உபுண்டுவில் பழைய செஷன்களை அழிக்கும் பிஎச்பியின் சொந்தக் கழிவகற்றல் அணைக்கப்பட்டிருக்கும். தனி டைமர் ஒன்றுதான் சுத்தம் செய்கிறது. பிஎச்பி ஐஎன்ஐ ஃபைலில் உள்ள பாதையைத்தான் அது பார்க்கும். அப்ளிகேஷன் தன் கோடுக்குள் செஷன் பாதையை மாற்றியிருந்தால் அந்த இடம் அதற்குத் தெரியாது. உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். மேலே உள்ள ஃபைண்ட் வரியை, குறித்த நேரங்களில் கட்டளையைத் தானே ஓட்டும் க்ரானில் போடுங்கள்.

ஈஎக்ஸ்டி4 ஐநோட் எண்ணிக்கையை ஃபார்மட் செய்யும்போதே முடிவு செய்துவிடுகிறது: வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று, 40 ஜிபிக்குச் சுமார் 26 லட்சம். பார்ட்டிஷனைப் பெரிதாக்கினால் கூடும், மற்றபடி பிறகு கூட்ட வழியில்லை. சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் வரும் இடத்துக்கு எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் நல்லது. தேவைப்படும்போது ஐநோட்டை அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

கேட்டவர்:
ஃபைண்ட் ஓடி முடிந்தது. ஐநோட் 23%. பாதை மாறியிருந்ததும் உண்மைதான், க்ரானில் போட்டுவிட்டேன். மிக்க நன்றி.