வெளுத்துவரும் நவீன ஓவியங்கள்: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, ஒரு வட்டார அருங்காட்சியகத்தின் நவீன ஓவியச் சேகரிப்பைப் பட்டியலிட உதவி வருகிறேன். எண்ணெய் ஓவியங்கள் பரவாயில்லை. கவலையெல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த காகிதச் சித்திரங்கள் பற்றித்தான். சிவப்பும் ஊதாவும் ஏற்கெனவே வெளுத்துவிட்டன. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ 1960களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்த பெரிய ஓவியங்களே, லித்தால் சிவப்பு என்ற நிறமி வெயிலில் மங்கிப்போய், 1979இல் சுவரிலிருந்து கழற்றப்பட்டன. போன நிறம் திரும்பாது.

காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்தைத் தாண்டக் கூடாது, சரி. ஆனால் எத்தனை மாதம் காட்சியில் வைத்துவிட்டு இருட்டான பெட்டிக்கு மாற்றுகிறீர்கள்?

அப்புறம், எந்தப் பேனா, எந்தக் காகிதம் என்று ஓவியர்களிடமே கேட்டுப் பதிவுசெய்ய ஒரு நல்ல கேள்விப் படிவம் யாரிடமாவது இருக்கிறதா? சிலருக்கு எண்பது வயதாகிறது. சீக்கிரம் கேட்டுவிட வேண்டும்.