அருளானந்தர் அன்பியம் (ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு): ஞாயிறு பங்குப் பேரவைக்கு என்ன எழுதுவது?

ஜெசிந்தா அக்கா: எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்குப் பேரவை. 2037-ல் நம் சிவகங்கை மறைமாவட்டத்துக்குப் பொன்விழா, அப்போது நம் பங்கு எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அன்பியமும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். நாம்தான் பாக்கி

சூசை அண்ணன்: புதுக் கோபுரம். எழுதிக்கொள்ளுங்கள்

சூசை அண்ணன்: சிங்கப்பூர் மச்சான் பாதிச் செலவு தருகிறார்

லூர்து மாமா: மீதி?

சூசை அண்ணன்: வசூல்தான்

லூர்து மாமா: தேர் பழுது பார்த்த வசூலுக்கே இன்னும் கணக்கு வாசிக்கவில்லை

சூசை அண்ணன்: மாமா, அதை இங்கே ஆரம்பிக்க வேண்டாம். கோயில் மணி கொடுத்தது எங்கள் ஐயா

லூர்து மாமா: மணியை யார் இல்லை என்றார்கள்

பெனிட்டா: வாசலில் சாய்தளம் வேண்டும் அக்கா. அப்பத்தா படியேற முடியாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் பூசை காண்கிறார்கள்

செல்வி: ஓரியூர் வேனுக்கு யார் யார்? பிப்ரவரி 4 அங்கே அருளானந்தர் திருநாள், இப்போதே சொன்னால்தான் வண்டி கிடைக்கும்

ஆரோக்கியம் சார்: கோபுரமா சாய்தளமா என்பதெல்லாம் அப்புறம். நாம் எத்தனை பேர் என்று முதலில் யாருக்காவது தெரியுமா? பங்கு அலுவலகத்தில் குடும்ப அட்டை ஒரு கட்டு இருக்கிறது, அதில் பல குடும்பம் திருப்பூர், கோவை, வளைகுடா என்று போய் வருஷக்கணக்காகிறது, சந்தா வருகிறது, ஆள் வருவது ஈஸ்டருக்கும் கல்லறைத் திருநாளுக்கும்தான். திருமுழுக்கு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் ஒவ்வொரு பங்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 535, நம் பீரோவிலும் இருக்கிறது. கடைசிப் பத்து வருஷத்தை எடுத்து, வருஷத்துக்கு எத்தனை திருமுழுக்கு, எத்தனை அடக்கம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், 2037-ல் யாருக்காகக் கோயில் நடத்தப்போகிறோம் என்பது அந்தத் தாளிலேயே தெரியும். பதிவேட்டில் ஏறாத கூட்டமும் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழக விடுதிப் பிள்ளைகள் மாலைப் பூசையில் கடைசி பெஞ்சில் நிற்கிறார்கள், படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்வரை அவர்களைப் பெயர் கேட்கிற ஆள் நம்மில் இல்லை. கட்டட வேலைக்கு வந்த ஜார்கண்ட் பையன்களும் அப்படித்தான், தமிழ் புரியாவிட்டாலும் முழுப் பூசைக்கும் முழந்தாளில் இருக்கிறார்கள். கானாடுகாத்தான் செட்டியார் வீடுகளைப் பார்க்கிறோமே, பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முன்வாசல் ஒரு தெரு பின்வாசல் ஒரு தெரு, உள்ளே விளக்கேற்ற ஒரே ஒரு ஆச்சி. நம் கோயிலும் அப்படி ஆகிவிடக் கூடாது

பெனிட்டா: சார் 🙏

லூர்து மாமா: சரியான பேச்சு

செல்வி: வேன்???

சூசை அண்ணன்: சார், கோபுரம் தெரிந்தால்தானே விடுதிப் பிள்ளைகள் வருவார்கள்

பெனிட்டா: அவர்கள் ஏற்கெனவே வருகிறார்கள் அண்ணே. ஒரு பிள்ளை நன்றாகக் கீபோர்டு வாசிப்பாள், பாடகர் குழுவில் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டதற்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்

ஜெசிந்தா அக்கா: யார் சொன்னது?

பெனிட்டா: விடுங்கள் அக்கா

லூர்து மாமா: தெரிந்ததுதானே

ஜெசிந்தா அக்கா: சார், இதையெல்லாம் பேரவை முடிவெடுக்குமா?

ஆரோக்கியம் சார்: பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான் அம்மா, அது திருச்சபைச் சட்டம் 536. ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம், அது 537. இன்னொன்று, இந்த ஃபாதருக்கும் மாறுதல் வரும், அடுத்து வருபவர் புதிதாகத் தொடங்கச் சொல்வார். அதனால் எழுதுகிற ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஃபாதர் பெயர் வேண்டாம், நம்மில் ஒருவர் பெயரும் எந்த மாதத்துக்குள் என்பதும் இருக்கட்டும். வேலை மூன்றோ நான்கோ போதும்

லூர்து மாமா: நிதிக்குழு கட்டாயம் என்றால் முதல் வேலை தேர்க் கணக்கு. எதிரே சூசை பெயர்

சூசை அண்ணன்: போடுங்கள். பில் எல்லாம் வைத்திருக்கிறேன்

செல்வி: அண்ணே பில்லோடு வேனுக்கும் பெயர் கொடுங்கள்

சூசை அண்ணன்: நாங்கள் நான்கு பேர்

ஜெசிந்தா அக்கா: சாய்தளம் யார் பார்ப்பது?

கொத்தனார் மரியதாஸ்: கூலி வேண்டாம். சிமெண்டும் ஜல்லியும் வாங்கிக் கொடுங்கள்

பெனிட்டா: ❤️

ஜெசிந்தா அக்கா: விடுதிப் பிள்ளைகள் பெயர் கேட்டு எழுதுவது பெனிட்டா. ஜார்கண்ட் பையன்களிடம் யார் பேசுவது? இந்தி தெரிந்தவர்?

ஜெசிந்தா அக்கா: யாராவது?

லூர்து மாமா: பட்டாளத்து அண்ணனைக் கேட்டுப் பார்

ஜெசிந்தா அக்கா: அவர் கல்லறைப் பாதைத் தகராறிலிருந்து குழுவிலேயே இல்லையே மாமா. நீங்கள்தான் பேச வேண்டும்

லூர்து மாமா: பார்க்கலாம்

பெனிட்டா: நான் சனிக்கிழமை பதிவேட்டை எண்ணி எழுதுகிறேன் சார். ஃபாதரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். பீரோ சாவி உபதேசியாரிடமாம், அவர் தேவகோட்டைக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்

சூசை அண்ணன்: இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது. ஆறு மணிக்கு வருகிறேன். கோபுரத்தை மட்டும் கடைசி வரியிலாவது எழுதிவையுங்கள்

ஜெசிந்தா அக்கா: எண்ணிக்கை வரட்டும் அண்ணே