தோட்டத்து ஆட்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறார்கள்?

சிப்புட்_மகன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களில் எழுபதைத் தாண்டியவர்களைத் தேட வேண்டியிருக்கிறது, அதே தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக இருந்தவர்கள் எண்பதிலும் காலையில் கடைக்கு நடந்து வருகிறார்கள். புள்ளிவிவரத் துறை கணக்கிலும் சீனர்களுக்கு ஆயுள் அதிகம், இந்தியர்களான நமக்குத்தான் குறைவு. இது நம் ரத்தத்தில் இருக்கிறதா, இல்லை வேலையா? வீட்டில் விதி என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை.

மருந்தடிச்சவர்_மகள்:
தம்பி, கிராணியும் நம் ஆள்தானே? அப்புறம் ரத்தத்தை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? என் அம்மா செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடித்தார். முதுகில் பம்பு, கையுறை கிழிந்தால் அடுத்தது வரும்வரை வெறுங்கை, நகமெல்லாம் கறுத்து உதிர்ந்தது, அடிக்கடி மூக்கில் ரத்தம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், முழுத் தடை 2020-இல்தான் வந்தது. இடையில் அதைச் சுவாசித்தது யார்?

ஈப்போ_வாசகன்:
மருந்து மட்டுமல்ல. லண்டனில் 1967-இல் தொடங்கி அரசாங்க ஊழியர்களைப் பல வருடம் கவனித்தார்கள், மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் எழுதியது. எல்லாரும் ஆபீஸ் ஆட்கள், பட்டினி கிடையாது, விஷம் கிடையாது. அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்தவர்களைப் போல சுமார் 3 மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் கழித்துப் பார்த்தும் மாரடைப்பில் பெரிய வித்தியாசம் மிஞ்சியது. தன் வேலையில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாதவனுக்கு உடம்பு சீக்கிரம் தேய்கிறது என்பது அவர் வாதம். மண்டோர் (மேற்பார்வையாளர்) சொன்ன மர நிரையில் காலமெல்லாம் நின்றவர்களுக்கு இதைச் சொல்லியா தெரிய வேண்டும்?

கிளினிக்_அக்கா:
சரி, ஆனால் இனிப்பு நீரை, அதாவது நீரிழிவை விட்டுவிடாதீர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இருந்தது, இந்தியர்களிடம்தான் அதிகம். எங்களிடம் வருகிறவர்கள் காலில் புண் ஆறாமல் போன பிறகுதான் வருகிறார்கள், ஏனென்றால் கிளினிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. 40 வயதுக்கு மேல், அரசாங்க உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு பெக்கா பி40 என்ற அரசாங்கத் திட்டத்தில் உடல்நலச் சோதனை இலவசம். அப்பா வாங்குகிறாரா?

சிப்புட்_மகன்:
வாங்குகிறார் அக்கா. கூட்டிக்கொண்டு போகிறேன். தோட்ட வேலை செய்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

கிளினிக்_அக்கா:
கட்டாயம் சொல்லுங்கள். என்ன மருந்து அடித்தார், எத்தனை வருடம் என்பதைக் கார்டில் எழுதச் சொல்லுங்கள், கேட்காமல் யாரும் எழுத மாட்டார்கள்.