மகரந்தப் பொருத்தம்: செர்ரி ரகங்களுக்கான கலைச்சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு செர்ரி ரகம் மற்றொன்றின் மகரந்தத்தை ஏற்றுக் காய்பிடிப்பதற்கு 'இணக்கம்' என்றும், தன் மகரந்தத்தை ஏற்காத நிலைக்குத் 'தன்மலடு' என்றும் நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டாவதை அறவே கைவிட வேண்டுகிறேன். தன் மகரந்தத்தை ஏற்காத பிங் என்னும் இனிப்புச் செர்ரி ரகத்தின் மகரந்தமும் சூலும் குறையற்றவை. தகுந்த ரகத்தோடு சேர்ந்தால் இரண்டும் பயன் தருகின்றன. மலடு என்பது இல்லாத குறையை அந்த ரகத்தின் மேல் ஏற்றுகிறது.

இனிப்புச் செர்ரி ரகம் ஒவ்வொன்றிலும், எந்த மகரந்தத்தை ஏற்பது என்பதைத் தீர்மானிக்கும் எஸ் மரபணுவின் இரு வடிவங்கள் (எஸ்1, எஸ்2 என எண்ணிட்டுக் குறிப்பர்) உள்ளன; மகரந்தத்தூள் அவற்றில் ஒன்றையே சுமந்து வருகிறது. அதே வடிவம் சூல்தண்டிலும் இருந்தால், சூல்முடியில் முளைத்துக் கீழிறங்கும் மகரந்தக் குழலின் ஆர்என்ஏவைச் சூல்தண்டின் நொதி சிதைத்துவிடுவதால் குழல் பாதி வழியில் நின்றுபோகிறது. பிங், லாம்பர்ட், நெப்போலியன் ஆகிய மூன்று ரகங்களும் எஸ்3 எஸ்4 வடிவங்களையே உடையவை ஆகையால், இவற்றை மட்டும் கலந்து நட்ட தோப்பில் தேனீக்கள் எவ்வளவு மொய்த்தாலும், இதழ் உதிர்ந்தபின் குண்டூசித் தலையளவுப் பிஞ்சுகள் மஞ்சளித்துக் கொட்டிவிடும். இத்தகைய தொகுதியைப் 'பொருந்தாக் குழு' எனலாம். எஸ்1 எஸ்3 உடைய வான் ரகத்தின் மகரந்தத்தில் பாதி பிங்கில் செல்லும். எஸ்1 எஸ்2 உடைய பிளாக் டார்டேரியனின் மகரந்தம் முழுவதும் செல்லும். முன்னது அரைப் பொருத்தம், பின்னது முழுப் பொருத்தம். ஒரு பூவுக்கு ஒரு குழல் சூலை எட்டினாலே கனி உருவாகும் என்பதால், தோப்புக்கு அரைப் பொருத்தமே பெரும்பாலும் போதுமானது.

'இணக்கம்' நல்ல சொல்தான். ஆனால் அது இரு தரப்புக்கும் பொதுவானது. செர்ரியிலோ திசை முக்கியம். கனடாவின் சம்மர்லேண்டிலிருந்து 1968-இல் வெளிவந்த ஸ்டெல்லா ரகத்தில் எஸ்4 வடிவம் மகரந்தத்தின் பக்கம் மட்டும் மாற்றமடைந்துள்ளது. அதனால் ஸ்டெல்லா தன் மகரந்தத்தாலேயே காய்க்கிறது, பிங்கையும் காய்க்க வைக்கிறது. பிங்கின் மகரந்தமோ, சூல்தண்டின் பக்கம் மாறாத ஸ்டெல்லாவில் செல்வதில்லை. நம் வழக்கில் பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து ஆணின் நட்சத்திரம்வரை எண்ணித்தான் பொருத்தம் பார்க்கிறோம். எங்கே தொடங்கி எண்ணுகிறோம் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே 'மகரந்தப் பொருத்தம்', 'தன்பொருத்தம்', 'தன்பொருந்தாமை' ஆகியவற்றை முன்வைக்கிறேன். 'தன் ஒவ்வாமை' என்றால் வாசகர் தும்மலையும் தடிப்பையுமே நினைப்பார்.

மகரந்தம் தரும் மரத்தைக் 'கொடைமரம்' என்றும், அதைச் சுமந்து செல்லும் தேனீயை 'மகரந்தச் சேர்ப்பி' என்றும் பிரித்து வழங்கவேண்டும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், தேன்கூடு வைத்துவிட்டோம், இனி வேறு ரகம் தேவையில்லை என்று தோட்டக்காரர் கருத இடமுண்டு.

எஸ் வடிவங்கள் பொருந்தினாலும் இரு ரகங்களும் ஒரே வாரத்தில் பூக்காவிட்டால் பயனில்லை. இதற்குப் 'பூக்கால ஒப்பு' என்று எழுதிப் பார்த்தேன். 'உடன்பூப்பு' இன்னும் சுருக்கமாக உள்ளது. வேளாண் துறை நண்பர்கள் இவற்றுள் எதைப் பயன்படுத்துவீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.