முழுக்களின் கூட்டல்: மாணவர்களிடம் வரும் தவறுகளும் அவற்றைத் திருத்தும் வழிகளும்

(−7) + 4 என்ற ஒரே கணக்குக்கு வகுப்பில் நான்கு விடைகள் வரும்: −3, 3, −11, 11. முதலாவது சரி. மற்ற மூன்றையும் ஒரே மாதிரி சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போனால் பயனில்லை, ஏனென்றால் மூன்றுக்கும் காரணம் வேறு.

−11 எழுதியவர் 7-ஐயும் 4-ஐயும் கூட்டிவிட்டு, முன்னால் கண்ட குறியை விடைக்கு ஒட்டியிருக்கிறார். அடைப்புக்குறி இல்லாமல் −7 + 4 என்று கொடுத்தால் அதை −(7 + 4) என்றே படித்துவிடுகிறார்கள். 3 எழுதியவருக்குக் கழிக்க வேண்டும் என்பது தெரிகிறது, பூச்சியத்திலிருந்து அதிகத் தொலைவில் உள்ள எண்ணின் குறியைத்தான் பார்க்கவில்லை. 11-தான் கவலைக்குரிய விடை. அவர் குறியை எண்ணின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு விதிகளைத் திரும்பச் சொல்வது வீண். எண் கோட்டில் −7 எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நீங்கள் பார்த்த தவறுகளையும், எது கைகொடுத்தது என்பதையும் எழுதுங்கள்.

*

(−5) + (−9) = 14. இது பெருக்கல் பாடம் முடிந்த பிறகு வரும் தவறு. அதுவரை −14 என்று சரியாகப் போட்டவர்களும் அப்போது தடுமாறுவார்கள். காரணம், "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று செயலின் பெயரே இல்லாமல் மனப்பாடமாகும் வரி. அதை ஒருபோதும் அரைகுறையாகச் சொல்லக் கூடாது. "இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் மிகை எண்" என்று முழுதாகவே சொல்ல வேண்டும், கரும்பலகையிலும் அப்படியே எழுத வேண்டும்.

திருத்துவதற்கு ஒரே எண்களை மூன்று செயல்களிலும் அடுத்தடுத்துக் கொடுங்கள்: (−5) + (−9), (−5) − (−9), (−5) × (−9). விடைகள் −14, 4, 45. ஒரு பக்கம் முழுக்கக் கூட்டல், மறுபக்கம் முழுக்கப் பெருக்கல் என்று பயிற்சி இருந்தால் இந்தக் குழப்பம் வெளியே தெரியவே தெரியாது; தேர்வில்தான் தெரியும்.

*

இரு நிற வில்லைகளைப் (ஒரு நிற வில்லை +1, மற்ற நிற வில்லை −1) பயன்படுத்துபவர்களுக்கு: ஒருவருக்கு ஒவ்வொரு நிறத்திலும் 10 இருந்தால் −10 முதல் 10 வரையுள்ள எண்களில் ஒரு மிகை, ஒரு குறை கொண்ட எந்தக் கூட்டலையும் செய்துவிடலாம். இரண்டும் ஒரே குறியாக இருக்கும் கணக்குக்கு அந்த நிறத்தில் 20 வரை தேவைப்படும்.

(−7) + 4-க்கு ஒரு நிறத்தில் 7, மற்றதில் 4 வைத்து, நிறத்துக்கு ஒன்றாகச் சோடி சேர்த்து விலக்க வேண்டும். நான்கு சோடிகள் போய், குறை வில்லை மூன்று மிஞ்சும். இங்கே பெரும்பாலும் விட்டுப்போவது, சோடியின் மதிப்பு பூச்சியம் என்பதை முதலில் உறுதிப்படுத்துவது. அதைச் செய்யாமல் விலக்கச் சொன்னால், மேசையில் மொத்தம் 11 வில்லைகள் இருக்கின்றன என்று எண்ணி 11 என்பார்கள். ஆகவே 1 + (−1), 5 + (−5) போன்ற கணக்குகளுக்கு ஒரு பாடவேளை முழுவதும் ஒதுக்கினாலும் தகும். கூட்டல் நேர்மாறு (ஓர் எண்ணுடன் கூட்டினால் பூச்சியம் தரும் எண்) என்பதன் பொருள் அங்கேதான் கையில் பிடிபடுகிறது.

*

வில்லைகள் நல்லவைதான், ஆனால் (−37) + 52-க்கு உதவாது. அங்கே எண் கோடு வேண்டும், அதிலும் ஒவ்வொரு எண்ணும் குறித்த கோடு அல்ல. வெறுங்கோடு ஒன்று வரைந்து −37-ஐயும் 0-ஐயும் மட்டும் குறித்தால் போதும். பூச்சியத்தைத் தொட 37 வேண்டும். 52-இல் 37 போனால் கையில் 15. விடை 15. இதே முறையில் (−37) + 21: பூச்சியத்தைத் தொட 37 வேண்டும், இருப்பதோ 21. இன்னும் 16 குறைகிறது, ஆகவே −16. "பூச்சியத்தைத் தாண்டுமா, தாண்டாதா?" என்று கேட்கப் பழகியவர்கள் குறியில் தவறுவது குறைவு.

எண்கள் குறித்த கோட்டில் வரும் தனித் தவறு ஒன்று உண்டு: தொடங்கும் புள்ளியையே "ஒன்று" என்று எண்ணுவது. (−7) + 4-க்கு −7, −6, −5, −4 என்று நான்கு புள்ளிகளைத் தொட்டு −4 என்பார்கள். விடை சரியான விடையிலிருந்து சரியாக ஒன்று விலகியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புள்ளிகளை அல்ல, தாவல்களை எண்ணச் சொல்லுங்கள். வில் வளைவாகத் தாவல்களை வரைய வைத்தால் சரியாகிவிடும்.

*

"ஒரே குறி என்றால் கூட்டு, வெவ்வேறு குறி என்றால் கழித்துப் பெரியதன் குறியைப் போடு" என்ற விதி பழையது. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் செல்வம், கடன் என்ற பெயர்களில் இதே விதிகள் இருக்கின்றன. சமமான செல்வமும் கடனும் சேர்ந்தால் பூச்சியம் என்பதும் அங்கே உண்டு. விதியில் குறையில்லை. "பெரியது" என்று மட்டும் சொல்வதில்தான் சிக்கல்: −7, 4 இரண்டில் பெரியது 4 அல்லவா? நன்றாகப் படிக்கும் மாணவரே இதில் 3 என்று எழுதிவிடுவார். பூச்சியத்திலிருந்து அதிகத் தொலைவில் உள்ளது எது என்று கேளுங்கள்.

*

நீளமான கணக்குகளில் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போவது தேவையில்லாத ஆபத்து. (−13) + 8 + 13 + (−5) + (−8) + 2 என்பதில் எதிரெண் சோடிகளை அடித்துவிட்டால் (−5) + 2 மட்டும் மிஞ்சும், விடை −3. சோடி அமையாவிட்டால் மிகைகளைத் தனியே, குறைகளைத் தனியே சேர்க்கலாம்: 12 + (−7) + (−9) + 4 + (−6) என்பது 16 + (−22), அதாவது −6. இடம் மாற்றும்போது குறியும் எண்ணுடன் சேர்ந்தே நகர வேண்டும். அதற்காகவே முதலில் ஒவ்வொரு எண்ணையும் குறியோடு வட்டமிடச் சொல்வது நல்லது.

*

விதியை ஒப்பிப்பவரையும் புரிந்தவரையும் பிரித்தறிய, கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ▢ + (−6) = −2 என்றால் பெட்டியில் என்ன? −8 என்று எழுதுபவர் கண்ட எண்களை அப்படியே கூட்டியிருக்கிறார், விடை 4. அடுத்ததாக, இரண்டு முழுக்களின் கூடுதல் அந்த இரண்டையும் விடச் சிறியதாக இருக்குமா, எப்போது? இரண்டுமே குறை எண்களாக இருக்கும்போது மட்டும். ஒன்று பூச்சியமாக இருந்தால் ஏன் ஆகாது என்பதையும் அவர்களே சொல்லட்டும்.