கீர்த்தனை தொடங்கினால் சபை வாய்மூடி நிற்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பு ஆறு மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலைப் பாட்டுகளைச் சபையார் ஓரளவு பாடுகிறார்கள். ஆனால் கர்நாடக இசை முறையில் ராகம், தாளத்தோடு அமைந்த கீர்த்தனை தொடங்கியதும், முன்வரிசைப் பெரியவர்களைத் தவிர மற்றவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்மூடி நிற்கிறார்கள். இளைஞர்களோ புதிய பாடல்களையே கேட்கிறார்கள்.

பதில் 1:
தம்பி, முதலில் சுருதியைப் பாருங்கள். சுருதியைக் கட்டையில் சொல்வோம்; எண் கூடினால் சுருதி உயரும். கீபோர்டு வாசிப்பவர் நான்கு கட்டையில் தொடங்கிவிட்டால், மேல் ஸ்தாயி வரும் இடத்தில் ஆண்களில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். எங்கள் சபையில் ஒரு கட்டைக்கு இறக்கிய பிறகே பின்வரிசையின் குரல் கேட்கத் தொடங்கியது. பாடகர் குழுவுக்கு அது சற்று மந்தமாகத் தோன்றும். தோன்றட்டும், ஆராதனை கச்சேரி அல்லவே!

பதில் 2:
சகோதரரே, கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் பல்லவி, சரணம் என்று அமைத்துப் பாடிய மரபிலேயே வழி இருக்கிறது. சரணத்தை நீங்கள் பாடுங்கள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் சபையார் பல்லவியை மட்டும் திரும்பப் பாடட்டும். பாட்டின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் தாளத்தையும் கவனியுங்கள்: மூன்று எண்ணிக்கை கொண்ட ரூபக தாளத்தில் அமைந்த பாட்டுக்குக் கீபோர்டில் நான்கு எண்ணிக்கைத் தாளத்தை ஓடவிட்டால், பாட்டு தெரிந்தவர்களும் தடுமாறுவார்கள். தபேலா வாசிக்கத் தெரிந்த இளைஞர் இருந்தால் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. நாங்களும் நான்கு கட்டையில்தான் பாடி வருகிறோம். சனிக்கிழமைப் பயிற்சியில் இறக்கிப் பார்க்கிறேன்.