சமூகப் பதற்றத்துக்கான மாத்திரையை எத்தனை ஆண்டுகள் தொடரலாம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் வசிக்கிறேன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணி. நாலு பேர் பார்க்கும்படி எதைச் செய்தாலும் நெஞ்சு படபடத்துக் கை நடுங்கத் தொடங்கிவிடும். உறுப்பினர் எதிரே நின்றால் ரசீதுப் புத்தகத்தை உள் அறைக்கு எடுத்துப் போய்க் கையெழுத்திட்டுக் கொண்டு வந்து கொடுத்த காலம் உண்டு. 2018-இல் கோவையில் மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டியபோது, இது சமூகப் பதற்றக் கோளாறு என்று விளக்கி, இரவில் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை எழுதினார். இரண்டு மாதங்களுக்குள் நல்ல மாற்றம் தெரிந்தது.

அன்று தொடங்கிய அதே மாத்திரையை அதே அளவில் இன்றும் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவரிடம் போனால் "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி முடிவதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. இடையில் எடை கூடியிருக்கிறது. முற்பகல் முழுவதும் ஒரு மந்தம். தெரிந்தவர்களின் பெயர்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. "இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், நிறுத்தித் தொலை" என்று மாமியார் நாள்தோறும் சொல்கிறார். ஆனால் வரும் பொதுக்குழுவில் ஆண்டறிக்கையை மலையாளத்தில் வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால், இந்த நேரத்தில் நிறுத்தவும் அச்சமாக இருக்கிறது. ஆயுள் முழுவதும் இதைத் தொடரலாமா? நிறுத்துவதென்றால் எப்படி நிறுத்த வேண்டும்?

பதில்: வாளையார்த் தம்பி

அக்கா, நானும் இதே கோளாறுக்குப் பல ஆண்டுகளாக பராக்ஸெட்டின் எடுத்துக்கொள்கிறேன். 2020 ஊரடங்கில் எல்லைச் சோதனைச்சாவடி அடைபட்டு, கோவைக்குப் போக வழியில்லாமல், இங்கேயும் அந்த மருந்து கிடைக்காமல் திடீரென்று நின்றுபோனது. சில நாட்களிலேயே தலைசுற்றல் தொடங்கிவிட்டது. கண்ணை இடமும் வலமும் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் வெட்டியது போல ஓர் அதிர்வு, காரணமில்லாத எரிச்சல், உறக்கத்தில் கெட்ட கனவுகள். நோய்தான் திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். மருந்து மீண்டும் கிடைத்ததும் இரண்டொரு நாளில் எல்லாம் அடங்கியபோதுதான், அது நோயன்று, மருந்தைச் சட்டென்று விட்டதன் விளைவு என்று மருத்துவர் விளக்கினார். நோய் திரும்புவதாக இருந்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லத் தலைதூக்குமாம். மண்டைக்குள் வெட்டும் இந்த அதிர்வெல்லாம் அதில் இருக்காதாம்.

என்னைக் கேட்டால், நன்றாக இருக்கும்வரை தொடர்வதில் குற்றமில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுவதும் மாத்திரை போடுகிறவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பதில்: மீனாட்சிபுரம் மருந்தாளுநர்

சகோதரி, மாத்திரையின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. மற்றதைப் பேசுவதற்கு முன், அட்டையைத் திருப்பிப் பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். பெயரின் இறுதியில் "பிளஸ்" போன்ற ஒட்டு ஏதேனும் இருக்கிறதா? எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராமும் குளோனசெபம் 0.5 மில்லிகிராமும் சேர்ந்த கூட்டு மாத்திரை நம் நாட்டில் மிகப் பரவலாக எழுதப்படுகிறது. பகல் மந்தத்தையும் மறதியையும் நீங்கள் சொல்வதால்தான் கேட்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி

ஐயா, பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே இரண்டு பெயர்களும் அதே அளவுகளும் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக அது ஒரே மருந்து என்றுதான் எண்ணியிருந்தேன். எவரும் எடுத்துச் சொன்னதில்லை.

பதில்: மீனாட்சிபுரம் மருந்தாளுநர்

அப்படியானால் உங்கள் கேள்வி இரண்டாகப் பிரிகிறது, இரண்டுக்கும் விடை வேறு.

எஸ்சிட்டலோபிராம் முழுப் பலன் தரப் பல வாரங்கள் ஆகும். அது வரும்வரை பதற்றத்தைத் தணிக்கக் குளோனசெபத்தைச் சில வாரங்கள் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அந்தச் சில வாரங்கள் ஆண்டுகளாக நீண்டுவிடுவதுதான் சிக்கல். பதற்றத்தைத் தணித்து உறக்கம் தரும் பென்சோடயஸிபின் வகை மருந்தான இதற்கு உடல் பழகிவிடும்; மந்தம், மறதி இரண்டும் இதன் அறியப்பட்ட விளைவுகள்; வயது ஏற ஏறத் தடுக்கி விழும் ஆபத்தும் கூடும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சமூகப் பதற்றத்துக்கு இவ்வகை மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அதற்காக இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் எடுத்ததைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரைக்கும் போகக்கூடும்.

எஸ்சிட்டலோபிராமின் கதை வேறு. பலன் தெரிந்த பிறகு குறைந்தது 6 மாதங்களாவது தொடர வேண்டும் என்பது அதே வழிகாட்டுதலின் கருத்து. அதற்கு மேல் எவ்வளவு காலம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் ஏராளம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பொதுவான உண்மையன்று என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம். எடை கூடுவது, தாம்பத்திய நாட்டம் குறைவது, முதியோருக்கு ரத்தத்தில் சோடியம் குறைவது ஆகியவையே கவனிக்க வேண்டியவை. முழங்கால் வலிக்கென்று டைக்ளோஃபினாக் வாங்கி இதனோடு சேர்த்துப் போடுபவர்களை அன்றாடம் கடையில் பார்க்கிறேன். அது வயிற்றில் ரத்தக்கசிவுக்கான வாய்ப்பைக் கூட்டும். வீட்டில் யாரும் இதைப் பற்றி அஞ்சுவதில்லை என்பதுதான் வேடிக்கை.

கூட்டு மாத்திரையில் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறைந்துவிடும். எனவே இரண்டையும் தனித்தனி மாத்திரைகளாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். எதை முதலில், எந்த வேகத்தில் குறைப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். எஸ்சிட்டலோபிராமை விடும் காலம் வந்தால், 10-இலிருந்து 5-க்கு வருவது எளிதாகவும் 5-இலிருந்து பூஜ்யத்துக்கு வருவது கடினமாகவும் இருக்கக்கூடும். மூளையில் இம்மருந்தின் செயல் அளவுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. குறைந்த அளவிலும் பெரும்பகுதி நீடித்து, கடைசி மில்லிகிராம்களில்தான் வேகமாகச் சரிகிறது. ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் இதை விளக்கி, இறுதிப் படிகள் மிகச் சிறியவையாக இருக்க வேண்டும் என்றார்கள்.

பதில்: பொள்ளாச்சி ஆலோசகர்

வாளையார்த் தம்பியின் சர்க்கரை நோய் ஒப்பீட்டை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. சமூகப் பதற்றத்துக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுமுறைச் சிகிச்சை இருக்கிறது. நைஸ் வழிகாட்டுதல் முதலில் அளிக்கச் சொல்வது அதைத்தான். மருந்து நிற்கும்போது அதன் பலனும் தேய வாய்ப்புண்டு, சிகிச்சையில் கற்றது பெரும்பாலும் நிலைக்கிறது.

அம்மா, நீங்கள் ரசீதுப் புத்தகத்தை உள்ளே எடுத்துப் போனதாக எழுதியது மிக முக்கியமான செய்தி. நடுக்கத்தை மறைக்கச் செய்யும் அந்த உத்திதான் அச்சத்தை உயிரோடு வைத்திருக்கிறது. கை நடுங்கினால் எதிரே இருப்பவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பதைப் பார்க்கும் வாய்ப்பையே அது தடுத்துவிடுகிறது. சிகிச்சையில் முதலில் நன்கு அறிந்த ஒருவர் முன்னும், பிறகு அறிமுகமில்லாதவர் முன்னும், ஒரு கட்டத்தில் வேண்டுமென்றே கையைச் சற்று நடுங்கவிட்டும் கையெழுத்திடச் சொல்வோம். ஆண்டறிக்கைக்கும் இதே வழிதான்: தாளால் முகத்தை மறைக்காமல், இடையிடையே தலை நிமிர்ந்து, முதலில் இரண்டு சக ஊழியர்கள் முன் வாசியுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தால், உள்ளே உணர்ந்த நடுக்கத்தில் பாதிகூட வெளியே தெரியாததைக் காண்பீர்கள்.

கேரளத்தில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வெளிநோயாளர் முகாம்கள் பாலக்காடு மாவட்டத்திலும் நடக்கின்றன. அருகில் எங்கே, எந்த நாளில் என்பதை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. இரண்டு மருந்துகளையும் பிரித்து எழுதித் தரும்படி கேட்கப் போகிறேன். மருத்துவர் ஒதுக்கும் மூன்று நிமிடத்தில் நாவெழாமல் போய்விடும் என்பதால், கேள்விகளை ஒரு தாளில் எழுதி அதையே மருத்துவரிடம் நீட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். பொதுக்குழு முடியும்வரை அளவைக் குறைக்கத் தொடங்காமல் இருக்கலாமா?

பதில்: மீனாட்சிபுரம் மருந்தாளுநர்

தாராளமாக. நெருக்கடியான மாதத்தில் குறைக்கத் தொடங்க வேண்டிய அவசரம் எதுவுமில்லை. அந்தத் தேதியையும் தாளில் எழுதிவிடுங்கள். பழைய அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கூட்டத்தன்று மட்டும் போட்டுக்கொள்ள, படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும் புரொப்ரனலால் மாத்திரை வேண்டுமா என்று மருத்துவர் கேட்டால், மூச்சிரைப்பு எப்போதாவது வந்திருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது.